தராசு யார் கையில்?

அரசியல்வாதிகள் பொய் பேசுகிறார்கள் என்பது நம் மக்களிடையே பழகிப்போன முறைப்பாடு. அதனை மறுப்பார் இல்லை. அதனைக் கேட்டுத் திருந்துவாரும் இல்லை. ஆயின் இம்முறைப்பாடு நோயின் தோலைத் தடவுகிறதேயன்றி வேரைத் தொடவில்லை என்பது எமது கருத்து.

பொய்யை முறியடிக்கச் சான்று போதும். அதிகாரத்தை நாடுவோர் இதனை நன்கறிவர். ஆகவே அவர்களுள் திறமையுள்ளோர் வெறும் பொய்யை நம்பிக் களத்தில் இறங்குவதில்லை. எது சான்று, எது சான்றன்று. எவருடைய சொல் ஏறும், எவருடைய சொல் ஏறாது என வகுக்கும் உரிமையையே அவர்கள் கைப்பற்றுகின்றனர். அவ்வுரிமை கைக்கு வந்தபின் பொய் பேச வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. அவர்களுக்கு வேண்டியது எதுவோ அதுவே உண்மையெனப் பதிவாகிவிடும்.

மலைநாட்டுத் தொழிலாளிக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து மடுவத்துத் தராசின் முன் வரிசையில் நின்ற ஒவ்வொரு பெண்ணும் இதனை அறிவாள். கூடையில் இருப்பது எத்தனை கிலோ என்பது அவள் முதுகுக்குத் தெரியும். ஆயினும் ஈரத்துக்கு இத்தனை, சாக்குக்கு இத்தனை எனக் கழித்தபின் புத்தகத்தில் விழும் எண்தான் சம்பள நாளில் உண்மையாகும். வன்னியிலே நெல் விற்கும் கமக்காரரும் இதனை அறிவார். அளப்பவரே வாங்குபவராகவும் இருப்பின், ஈரப்பதத்தின் பெயரால் மூட்டை எவ்வளவு இளைக்கும் என்பதைக் களத்திலேயே கண்டவர் அவர்.

அரசியலிலும் அளவை இவ்வாறே நடைபெறுகிறது. இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி உலக வரலாற்றைப் புரட்ட வேண்டாம். மலைநாட்டுத் தமிழரின் குடியுரிமை பறிபோன கதையும், அது மீண்டு வந்த கதையும் போதும்.

ஏழு ஆசனங்களின் விலை

1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியலமைப்பின்கீழ் இலங்கையில் வயது வந்தோர் வாக்குரிமை வந்தது. தோட்டத் தமிழருக்கு அது நிபந்தனைகளோடுதான் கிடைத்தது, எனினும் கிடைத்தது. அவ்வாண்டில் ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாகச் சென்ற திரு. பெரி சுந்தரம் தொழில், கைத்தொழில், வாணிப மந்திரியானார். 1936இல் அதே தொகுதி, தோட்டத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடியான திரு. கோ. நடேசையரைச் சட்டசபைக்கு அனுப்பியது. அக்காலத்தில் மலைநாட்டு மக்கள் இந்நாட்டினரா என்ற வாதம் இருந்தது. ஆனால் அந்த வாதம் அவர்களை வாக்குச்சாவடியிலிருந்து முற்றாகத் துரத்தும் அளவுக்கு முற்றவில்லை.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் கதை மாறியது. தேர்தல் நடந்த 95 ஆசனங்களுள் ஐக்கிய தேசியக் கட்சி வென்றவை 42. இடதுசாரிக் கட்சிகள் மூன்றும் கூடி 18 ஆசனங்களைப் பெற்றன. இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களில் வென்றது. நுவரெலியாவில் திரு. தொண்டமான், தலவாக்கலையில் திரு. ஸி. வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியில் திரு. இராஜலிங்கம் ஆகியோர் அவருட் சிலர். இவையன்றி வேறு பல தொகுதிகளிலும் தோட்டத்து வாக்குகள் இடதுசாரிகளின் பக்கமே சாய்ந்தன.

தனிப் பெரும்பான்மை பெறாத ஒரு கட்சி இந்தக் கணக்கைப் பார்க்கிறது. அதற்குமுன் தேயிலை பறிப்பவராகவும் ஏற்றுமதி வருவாய் தருபவராகவும் தெரிந்த மக்கள், அக்கணமே வேறு உருவில் தெரிகின்றனர். மக்கள் மாறவில்லை, அவர்கள் வாழ்ந்த லயமும் மாறவில்லை, கிடைக்கும் கூலியும் மாறவில்லை. பார்ப்பவரின் தேவை மாறியது. தேவை மாறியவுடன் பார்வை மாறியது. பார்வை மாறியவுடன் அதற்கேற்ற சட்டம் பிறந்தது.

சட்டம் கேட்ட சான்று

1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டத்தைச் சட்டம் பயின்றோர் மட்டுமன்றிச் சாதாரண வாசகரும் ஒருமுறை படித்துப் பார்த்தல் நன்று. அதில் "தமிழர்" என்ற சொல் இல்லை. "தோட்டம்" என்ற சொல் இல்லை. எவர்மீதும் பகையோ பழியோ இல்லை. 1948 நவம்பர் 15ஆந் திகதிக்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வமிசாவழிக் குடிமகனாவதற்கு அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருத்தல் வேண்டும். அல்லது தந்தை வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். அவ்வளவே அதன் கூற்று.

இங்கே பிறந்ததை எவ்வாறு மெய்ப்பிப்பது? பத்திரத்தைக் காட்ட வேண்டும். கண்டிக் கிராமத்து உழவருள் எத்தனை பேரிடம் தம் பாட்டனாரின் பிறப்புப் பத்திரம் இருந்தது? யாழ்ப்பாணத்துக் கமக்காரருள் எத்தனை பேரிடம் இருந்தது? இல்லாதோர் பலர். ஆனால் அவர்களிடம் எவரும் அதனைக் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர் தோட்டத்தவர் மட்டுமே. எல்லோருக்கும் பொதுவென எழுதப்பட்ட சட்டம், ஒருவரிடம் மட்டும் சான்று கேட்குமானால், அதன் பொதுமை காகிதத்தில் மட்டுமே வாழ்கிறது.

அடுத்து 1949ஆம் ஆண்டு 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன், மணமானவர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இடையறாது இங்கே வாழ்ந்தமைக்குச் சான்று தர வேண்டுமென்று அது விதித்தது. அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தற் சட்டத் திருத்தம், குடிமக்களல்லாதார் வாக்காளர் பட்டியலில் இடம்பெற முடியாதென்றது. மூன்று சட்டங்களும் சேர்ந்து வேலையை முடித்தன.

விண்ணப்பிக்கக் குறித்த காலத்துள் சுமார் 8,25,000 பேர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. பல்லாண்டு விசாரணைகளின்பின் அவர்களுள் குடியுரிமை பெற்றவர் சுமார் 1,34,000 பேரே. தோட்டத்துத் துரையின் பதிவேடு கிடைத்தவருக்கு வழி இருந்தது. பதிவேடு அழிந்தவருக்கும், தோட்டம் மாறியவருக்கும், தாய் இறந்த செய்தி கேட்டு ஊர் சென்று தாமதமாய் மீண்டவருக்கும் வழி அடைபட்டது. தம் வாழ்வைத் தாமே அறிந்த மனிதரின் வாய்மொழி சான்றாகவில்லை. அவரை வேலைக்கு வைத்திருந்தவரின் புத்தகமே சான்றாயிற்று.

1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் மலைநாட்டுத் தொழிலாளர் பிரதிநிதியாக ஒருவரும் பாராளுமன்றம் புகவில்லை. ஐக்கிய தேசியக் கட்சி 54 ஆசனங்களைப் பெற்றது.

நீதிமன்றம் கண்ட உண்மை

சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தினர்மீது ஏனையோர்க்கில்லாத தடைகளையோ இடையூறுகளையோ விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்று விலக்கியிருந்தது. அதனை நம்பிக் கோடக்கன் பிள்ளை வழக்கு எழுந்தது. உயர் நீதிமன்றத்தில் தோற்ற அவ்வழக்கு பிரிவிக் கவுன்சில் வரை சென்று 1953இல் அங்கும் தோற்றது.

அத்தீர்ப்பு நம் மக்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது. தன் குடிமக்கள் யாவர் என்று வரையறுப்பது ஒரு நாட்டுச் சட்டசபையின் இயல்பான, முறையான கடமை என்று கோமகன் மன்றத்தினர் கருதினர். இதனை நாமும் பொதுவில் மறுக்கவில்லை. எந்த நாட்டுக்கும் அவ்வுரிமை உண்டு. ஆனால் அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. இந்தியத் தமிழர் வந்து போகும் வழக்கமுடையோர் என்று சோல்பரி அறிக்கையில் கண்டதை எடுத்து, அது அவர்கள் குடிமக்களாகத் தக்கவரா என்பதற்கு நேரடியாகப் பொருந்தும் செய்தி என்றனர்.

வந்து போகும் மக்கள்! இச்சொல் எங்கிருந்து வந்தது? கண்காணிமாரைக் கொண்டு ஆளெடுத்து, வேண்டும்போது வரவழைத்து, வேண்டாதபோது திருப்பியனுப்பிய தோட்ட முறையிலிருந்து வந்தது. அம்முறையை அமைத்தவர் தொழிலாளர் அல்லர். ஒருவரை அலைய வைத்துவிட்டு, அலைவது அவர் இயல்பென்று எழுதிவைப்பது ஒரு வகை. அந்த எழுத்தையே பின்னர் அவருக்கெதிரான சாட்சியாக நிறுத்துவது இன்னொரு வகை. இரண்டும் மலைநாட்டில் நடந்தன. இத்தனைக்கும், 1928இலேயே டொனமூர் ஆணைக்குழுவினர் தோட்டத் தமிழருள் 40 முதல் 50 விழுக்காட்டினர் இங்கே நிலைத்துவிட்டவர் என்று கணித்திருந்தனர். அக்கணிப்புக்குப் பின் 20 ஆண்டுகள் கழிந்தே குடியுரிமைச் சட்டம் வந்தது.

நீதிபதிகள் பொய்யுரைத்தனர் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர்கள் முன் வைக்கப்பட்ட காகிதத்தை அவர்கள் படித்தனர். அதிகாரம் தனக்கு வேண்டிய சொல்லை முன்கூட்டியே காகிதத்தில் ஏற்றிவிடுமானால், நேர்மையான நீதிபதியும் அதனையே படிக்க நேரும் என்பதுதான் எமது வாதம்.

இது இலங்கைக்கு மட்டும் உரிய நோயன்று. பர்மாவின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், 1823க்கு முன்னரே குடியிருந்த இனங்களென அரசு ஏற்றவற்றுக்கே முழு உரிமை தந்து, ரொகிங்கியா மக்களை நாடற்றவராக்கியது. அசாமில் 2019இல் வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்துக்கு மேற்பட்டோர் இடம்பெறவில்லை. அங்கும் ஏழையிடம் கேட்கப்பட்டது பாட்டன் காலத்துப் பத்திரமே.

தலை எண்ணப்பட்டது, வாக்கு எண்ணப்படவில்லை

பாராளுமன்றத் தொகுதிகள் மக்கள்தொகையையும் நிலப்பரப்பையும் கொண்டு பிரிக்கப்பட்டன. 1959ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் நடந்த தொகுதிப் பிரிப்பில், குடிமக்களல்லாதாரையும் சேர்த்தே மொத்த மக்கள்தொகை கணக்கிடப்பட்டது. இதன் விளைவைச் சிந்தியுங்கள். மலைநாட்டுத் தொழிலாளரின் தலைகள் எண்ணப்பட்டு, அத்தலைகளின் பேரில் ஆசனங்கள் உண்டாயின. அந்த ஆசனங்களுக்கு ஆளைத் தெரிவதற்கோ அவர்களுக்கு உரிமையில்லை. அயற் கிராமத்துச் சிலர் போடும் வாக்கு, லயத்தில் வாழும் பலரின் எடையையும் சுமந்து கனத்தது.

ஆசனத்தை எண்ணும்போது இவர்கள் இந்நாட்டில் வாழ்வோர். வாக்கை எண்ணும்போது இந்நாட்டில் தங்கிச் செல்வோர். ஒரே மனிதர், ஒரே லயம், ஒரே ஆண்டு, உண்மைகள் இரண்டு. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்பது சட்டம் இயற்றியோர்க்குத் தெரியாமலில்லை. இரண்டும் ஒரே பக்கத்துக்குப் பயன்தந்தன. ஆகவே முரண்பாடு அவர்களை உறுத்தவில்லை.

நம் பக்கத்தையும் நிறுத்துப் பார்ப்போம்

இதுவரை சொன்னதைக் கேட்டு நம் வாசகர் பலர் தலையசைத்திருப்பர். பிறர் குற்றத்தைக் கேட்பது இனிது. ஆனால் தராசில் நம்மையும் ஏற்றாவிட்டால் இக்கட்டுரையும் ஒருதலைக் கணக்காகிவிடும்.

1948 ஆகஸ்டில் முதற் சட்டமூலத்தை எதிர்த்தவர் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் திரு. ஜீ. ஜீ. பொன்னம்பலம். செப்டெம்பரில் அவர் மந்திரியானார். டிசம்பரில் இரண்டாம் சட்டமூலத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். அவர் சொன்ன நியாயத்தையும் சொல்லிவிடுகிறோம்: முதற் சட்டத்தில் அடைபட்ட கதவு இரண்டாவதில் சிறிதேனும் திறக்கிறது என்பதும், அரசில் இருந்தே தமிழர்க்கு நன்மை தேட முடியும் என்பதும் அவர் பக்கத்து வாதங்கள். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை வெறுங் கனவன்று என்பதும் மெய். அவர் அறிவிற் குறைந்தவரல்லர், நாடறிந்த வழக்கறிஞர். அத்தகைய அறிவுக்கே மூன்று திங்களில் பார்வை மாறியது என்றால், மந்திரிப் பதவி மனிதரின் கண்ணுக்குச் செய்வது என்ன என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

திரு. எஸ். ஜே. வி. செல்வநாயகம் பிரிந்து சென்று, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று மலையகத் தோழருக்கு நிகழ்ந்தது நாளை மொழியின் பெயரால் நமக்கும் நிகழும் என்று எச்சரித்தார். வடபுலத்து வாக்காளர் அவருக்கு அளித்த பரிசு என்ன? 1952இல் காங்கேசன்துறைத் தொகுதியில் அவர் தோற்றார். அவரை வென்றவர் ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளர். மலைநாட்டு மக்களின் வாக்கைப் பறித்த கட்சிக்கு, யாழ்ப்பாணத்துப் படித்த வாக்காளரும் உழுத வாக்காளரும் தம் வாக்கை அளித்தனர். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபின்தான் எச்சரிக்கை மெய்யென விளங்கியது. அயல்வீடு எரிந்தபோது நாம் கண்டது வெளிச்சம். நம் கூரையில் பற்றியபோதே அது நெருப்பென்று தெரிந்தது.

அத்தமிழரசுக் கட்சியே 1965இல், குடியுரிமைச் சட்டங்களை இயற்றிய அதே ஐக்கிய தேசியக் கட்சியின் தேசிய அரசாங்கத்தில் பங்கேற்றது. இடதுசாரிகளின் கதையும் வேறன்று. 1948இல் பாராளுமன்றத்தில் தோட்டத் தொழிலாளருக்காகக் குரலெழுப்பிய சமசமாஜக் கட்சி, 1964 ஜூனில் கூட்டரசிற் சேர்ந்தது. அக்கட்சியின் தலைவர் கலாநிதி என். எம். பெரேரா நிதி மந்திரியாக இருந்த காலத்திலேயே, அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று.

9,75,000 மனிதர். அவருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த எச்சமும் 75,000, 75,000 எனச் சரிபாதியாயிற்று. எவ்வளவு அழகான வகுத்தல்! களத்தில் நெல்லைப் பங்கிடும்போதுகூட உழுதவரைக் கேட்பது வழக்கம். இங்கே பங்கிடப்பட்டவரை எவரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் என்ன விடை வந்திருக்கும் என்பதற்கு வரலாறே சான்று. விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது, இந்தியாவுக்கென ஒதுக்கிய 5,25,000 இடங்கள் நிரம்பவில்லை. இலங்கைக்கென ஒதுக்கிய 3,00,000 இடங்களுக்கோ ஏறக்குறைய இரு மடங்கினர் விண்ணப்பித்தனர். வந்து போகும் மக்கள் என்று சட்டமும் தீர்ப்பும் பெயரிட்டவர்கள், தம் கையெழுத்தாலும் கைநாட்டாலும் தாம் இருக்க விரும்பிய நாடு எதுவென்று எழுதிக் கொடுத்துவிட்டனர். ஆயினும் ஒப்பந்தக் கணக்கு மாறவில்லை. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல் போய்க்கொண்டுதான் இருந்தது. 1984இல் போரின் காரணமாக அது நின்றது.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம்: எல்லோரும் அதிகாரத்தின் கண்கொண்டே பார்ப்பரெனில், உண்மை என்று ஒன்று உண்டா? உண்டு. அந்த விண்ணப்பங்களே அது. அதிகாரம் உண்மையை மறைக்கலாம்; காலம் தாழ்த்தலாம்; அதற்கு விலை பேசலாம். மக்கள் எங்கே பிறந்தனர், எங்கே உழைத்தனர், எங்கே வாழ விரும்பினர் என்பதை மாற்ற அதனால் இயலவில்லை.

கணக்கு மாறியபோது

பறித்த உரிமை மீண்ட வரலாறும் இதே பாடத்தையே தருகிறது. 1977இல் நுவரெலியா - மஸ்கெலியா மும்மைத் தொகுதியில் திரு. தொண்டமான் வென்றார், 1978இல் மந்திரியானார். 1986இல் தோட்டத் தொழிலாளரின் பிரார்த்தனை இயக்கம் நடந்தது. 1988ஆம் ஆண்டு 39ஆம் இலக்கச் சட்டமும், 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றோர் என்ற நிலையைச் சட்டத்தில் முடித்துவைத்தன. 1988இன் இறுதியில் நாடு ஜனாதிபதித் தேர்தலைச் சந்தித்தது என்பதை இங்கே நினைவூட்டுகிறோம்.

இம்மீட்சியில் தொழிலாளரின் விடாப்பிடிக்கும் தலைவர்களின் சாதுரியத்துக்கும் உரிய பங்கை நாம் குறைக்கவில்லை. ஆனால் 1948இல் இல்லாத எந்தப் புதிய சான்று 1988இல் கிடைத்தது? பாட்டனாரின் பிறப்புப் பத்திரம் கிடைத்ததா? இல்லை. மலைநாட்டு வாக்கு பகைவரின் வாக்கெனத் தோன்றிய காலம் போய், தம் பெட்டியில் விழத்தக்க வாக்கெனத் தோன்றிய காலம் வந்தது. தேவை மாறியது, பார்வையும் மாறியது. பறித்ததும் கொடுத்ததும் ஒரே கட்சியின் ஆட்சி. இவ்வாறு கிடைத்த உரிமையைப் பெற்றுக்கொள்வோம். அது எவருடைய கருணையென்றும் நம்பி உறங்கமாட்டோம்.

இன்றைய தராசு

குடியுரிமை வந்தது, தராசு கை மாறிவிட்டதா? பாருங்கள்.

1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளாகத் தோட்டத்து வாக்காளர் சபைக்கு உறுப்பினரைத் தெரிவு செய்தனர். அவ்வுறுப்பினர் அவர்களது லயத்துப் பாதையில் ஒரு கல்லைப் போடவும் சட்டம் இடந்தரவில்லை. வாக்குக் கேட்கும்போது அது ஊர். பாதை கேட்கும்போது அது கம்பனியின் காணி. 1959இல் ஆசனத்துக்குச் சொன்ன அதே இரட்டைக் கணக்கு!

சம்பளத்தைப் பாருங்கள். 2015 முதல் மேடைதோறும் பேசப்பட்ட 1,000 ரூபா, வர்த்தமானியில் ஏறியது 2021இல். 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் அன்றைய ஜனாதிபதி திரு. ரணில் விக்கிரமசிங்க நாளொன்றுக்கு 1,700 ரூபா என்றார். மேளம் முழங்கியது, மாலை விழுந்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அவ்வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் உறுதியானது 1,350 ரூபா. மேடையில் கேட்டதும் மெய்யே, கையில் வாங்கியதும் மெய்யே. வாக்குக் கேட்டவருக்கு முன்னது போதும், அடுப்பு மூட்டுபவருக்குப் பின்னதே உண்மை.

2025 நவம்பரில் புதிய அரசாங்கம் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம் 1,750 ரூபாவை முன்மொழிந்தது. அதில் 200 ரூபா, வேலைக்கு வரும் நாளுக்கென அரசு தரும் ஊக்கக் கொடுப்பனவு. இது நல்ல முயற்சியாகவே இருக்கலாம்; நன்மையை நன்மை என்று சொல்ல நாம் தயங்கவில்லை. ஆனால் சம்பளம் வேறு, கொடுப்பனவு வேறு. சேமலாப நிதிக்குக் கணக்கிடப்படுவது எது, வரவு செலவுத் திட்டம் மாறினால் வெட்டப்படுவது எது என்று கேட்பது தொழிற்சங்கத்தின் கடமை. அரசாங்கத்தின் நண்பராகிவிட்ட சங்கம் இக்கேள்வியைக் கேட்காது. அரசாங்கத்தின் பகைவராகிவிட்ட சங்கம் விடையைக் கேளாது. தொழிலாளிக்கு வேண்டியது இரண்டுமன்று.

செய்யத்தக்கவை

அரசியல்வாதியைத் தூயவராக்கும் மருந்து எம்மிடம் இல்லை. அதிகாரத்தை நாடாத அரசியலும் இல்லை. நாமும் நம் கட்சிக்கு வெற்றியையே நாடுகிறோம். ஆகவே தலைவரின் நற்குணத்தை நம்பியிராமல், தராசில் இன்னொரு கையையும் வைப்பதே வழி. இதற்குப் பெரும் புரட்சி வேண்டியதில்லை. பொறுமையான வேலை வேண்டும்.

முதலாவது, மேடைப் பேச்சைச் செய்தியாகக் கொள்ளாதீர்கள். வர்த்தமானியைக் கேளுங்கள். காணி உறுதி என்று விழாவில் தரப்படும் காகிதம் எதுவாயினும், அது காணிப் பதிவகத்தில் பதியப்பட்டதா, எல்லையும் அளவும் அதிற் குறிக்கப்பட்டுள்ளனவா, விற்கவும் பிள்ளைக்கு எழுதவும் உரிமை தருகிறதா என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேளுங்கள். புகைப்படம் எடுக்கப்படுவதால் கடிதம் உறுதியாகிவிடாது.

இரண்டாவது, உங்கள் சான்றை நீங்களே வைத்திருங்கள். 1949இல் நம் மக்கள் தோற்றது பெரும்பாலும் தம் வாழ்க்கையின் பதிவேடு பிறர் அலமாரியில் இருந்தமையாலேயே. பிறப்பு, மணம், இறப்புப் பத்திரங்கள், சம்பளச் சீட்டுகள், சேமலாப நிதிக் கணக்கு, மடுவத்தில் நிறுத்த கொழுந்தின் நாட்கணக்கு ஆகிய யாவும் ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் வேண்டும். பெண்கள் தம் பெயரில் தாமே வைத்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது, படித்த நம் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். வழக்கறிஞர், ஆசிரியர், கணக்காளர், வைத்தியர் ஆகியோர் திங்களுக்கு ஒரு ஞாயிறு ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பொகவந்தலாவையிலோ அமர்ந்து, கட்சி கேளாது இப்பத்திரங்களைச் சரிபார்த்துத் தரலாம். வடக்கிலும் கிழக்கிலும் உள்ள கமக்காரச் சங்கங்கள் தோட்டத் தொழிலாளரோடு அமர்ந்து, நெல்லின் ஈரக் கழிவையும் கொழுந்தின் ஈரக் கழிவையும் ஒரே மேசையில் வைத்துப் பேசலாம். இரு சாராரும் ஒரே கையால் அளக்கப்படுவது அப்போது தெரியவரும்.

நான்காவது, நம் கட்சியும் இதற்கு விலக்கன்று. ஒரு தலைவர் பதவிக்கு முன் என்ன சொன்னார், பதவி பெற்றபின் எவ்வாறு வாக்களித்தார் என்று ஒவ்வொரு கிளையும் ஆண்டுதோறும் எழுதி, உறுப்பினர் முன் வாசிக்க வேண்டும். அதனை வாசிக்க அஞ்சும் கட்சிக்கு வாக்குக் கேட்கும் தகுதி இல்லை.

1948இல் ஒரு மக்கட் கூட்டத்தின் பெயரை மாற்றி எழுதுவதற்குச் சில மாதங்களே போதுமாயிருந்தன. அந்த எழுத்தை அழிப்பதற்கு 55 ஆண்டுகள் சென்றன. இந்த இடைவெளியில் பிறந்து, தேயிலைக்கு உரமாகி, நாடற்றவராகவே மாண்டவருக்கு எந்தச் சட்டமும் எதையும் திருப்பித் தரவில்லை. அடுத்த முறை ஓர் அதிகாரி பேனாவை எடுத்து நம்மை எவரென்று எழுதத் தொடங்கும்போது, அவர் எழுதுவது சரியா என்று அருகில் நின்று வாசிக்கக்கூடியவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு கிராமத்திலும் இருத்தல் வேண்டும். அந்த ஆட்களைத் திரட்டும் பணியை இத்திங்களிலேயே தொடங்குவோம்.